இரண்டாவது 214

பிளம்பரின் மனைவி அந்தப் பில்லை மேசைமேல் வைத்தபோது, தேறாத பையனின் விடைத்தாளை வாத்தியார் அப்பனிடம் நீட்டுகிற தோரணை இருந்தது.

“இது எங்க பில் இல்ல. எங்க பில்லா இருந்தா இத்தனை தப்பு இருக்காது” என்றாள்.

கமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அழுவார்கள். இல்லாவிட்டால் யாரையாவது சபிப்பார்கள். புருஷனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் நாலு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் தப்புகளை எண்ணி எடுத்துக்கொண்டு வந்தவளை அவன் இப்போதுதான் பார்க்கிறான்.

அலுவலகம் ஒரு சலவைக்கடையின் மாடியில் இருந்தது. கீழே எரியும் இஸ்திரிப் பெட்டிகளின் சூடு தரையைத் தாண்டி மேலே வந்துவிடும். குளிர்காலத்தில் அது சௌகரியம். மற்ற மாதங்களில் வாடகை குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் தணிக்கையம்மா என்றே கூப்பிட்டார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் நஷ்ட ஈட்டு மனுக்களைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவர். ரத்தம், கைரேகை, துப்பாக்கி எதிலும் அவருக்கு ஆர்வம் கிடையாது. ஒரு காகிதம் கிடைத்தால் போதும், அதை எழுதியவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்பது வரை போய்விடுவார்.

கமா அவருடைய உதவியாள். முன்பு அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாக இருந்தான். முதலாளி தன் கைப்பட எழுதிய விளம்பரத்தில் பதினேழு பிழைகளை, முதலாளியின் மாமனார் பக்கத்தில் இருக்கும்போது உரக்கப் படித்துத் திருத்தியதில் வேலை போயிற்று. பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி வைக்கமாட்டான் என்பதால் வந்த பெயர்தான் கமா. வேலை போனபோது பெயரை மட்டும் விட்டுவிடவில்லை.

நடந்தது இது. முந்தாநாள் சாயங்காலம், வாடகை வீடொன்றில் தனியாகக் குடியிருந்த ஒரு தையற்காரி குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துப் பார்த்தால் நினைவில்லாமல் கிடக்கிறாள். குளியலறையில் கேஸ் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதன் புகையை வெளியே கொண்டுபோகிற குழாய் பொருத்தப்படவே இல்லை. வாசனை இல்லாத அந்தப் புகை அடைத்த அறைக்குள் நிறைந்து அவளைச் சாய்த்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. வீட்டு ஓனரைப் போலீஸ் கேட்டதும் அவர் ஒரு பில்லை நீட்டினார். ஹீட்டரைப் பொருத்தியது இந்த பிளம்பர் என்றது பில். கடையின் பெயர் அச்சடித்த தாள், கடையின் ரப்பர் ஸ்டாம்ப், 214 என்ற எண், ஜனவரி ஒன்பது என்ற தேதி. இன்று காலை பிளம்பரை அழைத்துப் போய்விட்டார்கள்.

மேசைமேல் இருந்தது அந்தப் பில்லுக்குப் போலீஸ் எடுத்துக் கொடுத்த நகல்.

தணிக்கையம்மா அதைத் தொடாமல் பார்த்தார். “என்னென்ன தப்பு?”

அவ்வளவுதான். பிளம்பரின் மனைவி விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். ‘வீட்டு ஓனர் அவர்களுக்கு’ என்று மொட்டையாக இருக்கிறது, ஆளின் பெயரும் இல்லை, கதவு எண்ணும் இல்லை, அது ஒன்று. சாமான் விலையையும் கூலியையும் பிரிக்காமல் ஒரே வரியில் அடித்திருக்கிறது, அது இரண்டு. எந்த ஆள், எந்த நாள், எத்தனை மணிக்கு வேலை செய்தான் என்பது கிடையாது. உத்தரவாதம் எத்தனை மாதம் என்பது கிடையாது. மொத்தம் ஆறாயிரம் என்று முழுசாக நிற்கிறது.

“நட்டு, வாஷர், டேப் எல்லாம் சேர்த்து எழுதினா எப்படிங்க முழுசா வரும்? என் பில்லுல பின்னாடி மூணு சைபர் வந்ததே இல்ல.”

ஆறாவதுதான் பெரிய தப்பு என்றாள். அவளுடைய பில்லில் கீழே மூன்று கட்டங்கள் இருக்கும்: செய்தது, செய்யாதது, சொன்னது. இதில் அந்தக் கட்டங்களே இல்லை.

அந்தக் கட்டங்கள் எப்படி வந்தன என்பதையும் சொன்னாள். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் ‘குழாய் வேலை’ என்று கிடைத்த அட்டையில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு வருவார். வாங்கியவர்கள் எந்தக் குழாய், எந்த வேலை என்று கேட்டுப் பாதியைத்தான் கொடுப்பார்கள். ஒரு வீட்டில், பழைய தொட்டி விரிசல் விட்டிருக்கிறது, மாற்றுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டு வந்தார். தொட்டி உடைந்து கீழ்வீட்டு மெத்தையெல்லாம் நனைந்தபோது, நீ சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவள் பேனாவைக் கையில் எடுத்தாள். பில் என்பது காசு வாங்குகிற சீட்டு மட்டும் இல்லை, நாளைக்குச் சண்டை வந்தால் நமக்காகப் பேசுகிற ஆள் என்பது அவள் கட்சி. ஆறு வருஷத்தில் ஒரு வீட்டுக்காரர்கூடத் தகராறு செய்யவில்லை. கடைப் பையன்கள் அவளுக்கு வைத்த பெயர் பில்லக்கா.

“இந்த ஓனர் வீட்டுக்கு இவர் போனது நிஜம்” என்றாள். ஜனவரியில் கூப்பிட்டிருந்தார்கள். குளியலறையைப் பார்த்துவிட்டு, புகைக்குழாய் போடாமல் ஹீட்டர் மாட்ட முடியாது என்று பிளம்பர் சொல்லிவிட்டார். சுவரைத் துளைக்க ஓனருக்கு இஷ்டமில்லை. திரும்பி வந்துவிட்டார். “செய்யாத வேலைக்கு பில் போட மாட்டேன். அதனால அன்னைக்கு அவர் என்ன சொல்லிட்டு வந்தாருங்கிறதுக்கு எங்ககிட்ட துண்டுச் சீட்டுகூட இல்ல.”

அவள் பையிலிருந்து ஜனவரி மாத ஃபைலை எடுத்தாள். அதில் 214 இருந்தது. அதே தேதி. ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் கைகழுவும் தொட்டி மாற்றியதற்கானது. பெயர், முகவரி, சாமான், கூலி, மூன்று கட்டங்கள் எல்லாம் ஒழுங்காக நிரம்பியிருந்தன. இன்ஸ்பெக்டரிடம் காட்டினாளாம். உங்கள் வீட்டு மெஷினில் நீங்களே அடித்துவைத்த ஃபைல், எதை வேண்டுமானாலும் செருகியிருக்கலாமே, டாக்டரை அப்புறம் விசாரிக்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

கமா இரண்டு பில்களையும் அருகருகே வைத்துப் பார்த்தான். ஓனர் கொடுத்த பில்லில் ‘கேஸ் ஹீட்டர் பொறுத்தியது’ என்று இருந்தது. வல்லின ற. பொருத்துவதற்கும் பொறுத்துக்கொள்வதற்கும் வித்தியாசம் தெரியாத கை. அவன் வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் தணிக்கையம்மாவின் செருப்பு அவன் கால்மேல் வந்து நின்றது. கனமான செருப்பு. அவன் வாயை மூடிக்கொண்டான்.

“நல்ல கண் உங்களுக்கு. வேற தப்பு ஏதாவது?” என்று கேட்டார் தணிக்கையம்மா.

“அவ்வளவுதான். ஆறு.”

ஃபைலை வைத்துவிட்டு, புருஷனுக்குச் சாப்பாடு கொண்டு போகவேண்டும் என்று அவள் எழுந்து போனாள்.

கமா காலைத் தடவிக்கொண்டே சொன்னான். “மேடம், பிழை திருத்துறவனோட வாயை மூடணும்னா, வாயால சொன்னாலே போதும்.”

“உனக்குப் போதாது” என்றார் தணிக்கையம்மா. “கிளம்பு. கடையைப் பார்ப்போம்.”

கடை இரண்டு ஷட்டர் அகலம். ஒரு பக்கம் பைப்புகள் அளவு வாரியாக நின்றன. மறுபக்கம் சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றின்மேலும் என்ன சாமான், எத்தனை இருக்கிறது என்று சீட்டு ஒட்டியிருந்தது. எல்லாம் பில்லக்காவின் கையெழுத்து. அவர்கள் போனபோது கடையில் ஒரே ஒரு ஆள். முப்பது வயதுக்குள் இருக்கும், கலகலப்பான முகம். பிளம்பரின் மனைவிக்குத் தம்பி. பிளம்பர் மச்சான் என்று கூப்பிடுவதால் கடையில் வேலை செய்கிறவர்கள், சாமான் வாங்க வருகிறவர்கள், எதிர்க்கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் அவன் மச்சான்தான்.

மச்சான் மளமளவென்று நாற்காலி துடைத்துப் போட்டான். அத்தானுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று வருத்தப்பட்டான். அந்த ஓனர் ஒரு மாதிரியான ஆள் என்று முதலிலேயே தனக்குத் தோன்றியதாகச் சொன்னான். ஜனவரியில் அத்தானோடு தானும் போயிருந்தானாம். பிப்ரவரி, மார்ச் ஃபைல்களைக் கேட்டதும் தயங்காமல் எடுத்துக் கொடுத்தான்.

தணிக்கையம்மா பில்களைப் படிக்கவில்லை. சீட்டுக் கட்டைக் கலைக்கிறவர் மாதிரி மேல் ஓரத்தை மட்டும் புரட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்றார். பில் எண் 251, பிப்ரவரி இருபத்தாறு. அதுவரைக்கும் தாளின் தலைப்பில் கடைக்கு ஒரே போன் நம்பர். அங்கிருந்து இரண்டு.

புதுத் தாள் எப்போது அடித்தது என்று பேச்சுவாக்கில் கேட்டார். பிப்ரவரி கடைசியில் என்றான் மச்சான். அக்கா புது போன் வாங்கியதும் பழைய தாளையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடித்தாளாம்.

கமா பையிலிருந்த நகலை நினைத்துப் பார்த்தான். ஓனர் கொடுத்த பில்லின் தலையில் இரண்டு நம்பர். தேதியோ ஜனவரி ஒன்பது. வாங்காத போனின் நம்பர் ஒன்றரை மாதம் முன்னாலேயே பில்லில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தணிக்கையம்மாவின் செருப்பு வருவதற்கு முன்பே அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

தணிக்கையம்மா எழுந்தார். தம் அலுவலகத்தில் ஒரு குழாய் ஒழுகுவதாகவும், இந்தச் சிக்கலெல்லாம் முடிந்த பிறகு ஆள் அனுப்பினால் போதும் என்றும் சொன்னார். “மறந்துடப் போறீங்க தம்பி. எழுதி வச்சுக்குங்க. ‘மாடியில் புதுக் குழாய் பொருத்த வேண்டும்.’”

மச்சான் ஆர்டர் நோட்டில் எழுதினான். கமா எட்டிப் பார்த்தான். *பொறுத்த வேண்டும்.*

தெருவுக்கு வந்ததும் கமாவுக்கு அடக்க முடியவில்லை. மச்சான்தான், சந்தேகமே இல்லை, போலீசுக்குப் போவோம் என்றான்.

“ஒரு எழுத்தை வச்சு ஆளை உள்ள தள்ள முடியுமா?”

“முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும் மேடம். எங்க பழைய முதலாளி ஆயுள் தண்டனை அனுபவிச்சுக்கிட்டு இருப்பார்.”

“அதனாலதான் முடியாது. வா, பில்லை வாங்கினவரைக் கேப்போம்.”

வீட்டு ஓனர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆனால் தான் எதையும் பார்க்கவில்லை என்பதுதான் போலீசிடம் அவர் கொடுத்த வாக்குமூலம். அவர் வீட்டின் பின்பகுதிதான் தையற்காரியின் குடியிருப்பு. முன்னறையில் தையல் மெஷினில் ஒரு ரவிக்கை பாதியில் நின்றது. ஊசி இன்னும் துணியில் இறங்கியே இருந்தது. குளியலறை, ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலம். மேலே இருந்த சின்ன ஜன்னலை, குளிர் வருகிறதென்று அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். சுவரில் ஹீட்டர். அதன் தலையில் புகைக்குழாய் மாட்டவேண்டிய வட்டமான ஓட்டை வெறுமனே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பில் எப்போது கைக்கு வந்தது என்று தணிக்கையம்மா கேட்டார். பொருத்திய அன்றைக்கே என்றார் ஓனர். தணிக்கையம்மா மறுக்கவில்லை. பில்லின் தலைப்பைக் காட்டி, இந்தத் தாள் அச்சாகி வந்தது பிப்ரவரி கடைசியில் என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பொய் சொன்னவர் யோசிக்கட்டும் என்று அவர் கொடுக்கிற அவகாசம் அது.

ஓனருக்கு அரை நிமிஷம் போதுமானதாக இருந்தது.

ஹீட்டரைப் பொருத்தியது மச்சான்தான். பிளம்பர் மறுத்துவிட்டுப் போன மறுநாளே தனியாக வந்து, அத்தான் பயந்தாங்கொள்ளி, குழாயெல்லாம் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று சொன்னான். ஆறாயிரத்துக்கு ஒத்துக்கொண்டான். பில் கேட்டதற்கு, பில் போட்டால் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று சிரித்தான். தையற்காரி விழுந்த அன்று இரவு ஓனர் நடுங்கிப்போய் அவனுக்கு போன் செய்து, பில் கொடு, இல்லாவிட்டால் போலீசிடம் உன்னைக் கைகாட்டுவேன் என்று மிரட்டினார். காலையில் பில் வந்துவிட்டது.

“கடை பேரு இருந்தாப் போதும்னு நினைச்சேன். யார் தலை உருளும்னு யோசிக்கல” என்றார். பிறகு, தன்னையே சமாதானம் செய்துகொள்கிறவர் மாதிரிச் சேர்த்துக்கொண்டார். “நான் மட்டும் இல்லீங்க. இதே மாதிரி இன்னும் ரெண்டு வீட்ல மாட்டியிருக்கேன், ஒண்ணும் ஆகலன்னு அவன்தான் சொன்னான்.”

தணிக்கையம்மாவின் கை கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தியது.

எந்த வீடுகள் என்று ஓனருக்குத் தெரியாது. மணி ஐந்தேகால். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பி வெந்நீர் போடுகிற நேரம். கமா போனை எடுத்தான், மச்சானைக் கூப்பிட. தணிக்கையம்மா தடுத்தார். நாம் கூப்பிட்டால் போனை அணைத்துவிட்டு ஓடுவான், அவனைத் தேடிப் பிடிப்பதற்குள் எங்கேயாவது இன்னொருவர் விழுந்திருப்பார். அவன் யார் சொன்னால் கேட்பானோ அவரைப் பிடிக்கவேண்டும் என்றார்.

போலீஸ் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் பிளம்பரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் காலியான சாப்பாட்டுப் பாத்திரம். அவர்களைக் கண்டதும் எழுந்தாள். தணிக்கையம்மா அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தாமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“காலைல ஆறு தப்பு சொன்னீங்க. மொத்தம் எட்டு.”

அவள் பாத்திரத்தின் மூடியை அழுத்தி மூடினாள்.

“பின்னாடி மூணு சைபர் வந்ததே உங்க கண்ல பட்டுச்சு. நீங்களே அடிச்ச தாளு, அதுல உங்க புது போன் நம்பர் இருக்கிறது படலையா? பொறுத்தியதுன்னு கொட்டை எழுத்துல நிக்குது, அது படலையா? சொன்ன ஆறும் பில்லு பொய்யின்னு காட்டுற தப்பு. சொல்லாத ரெண்டும் கடைக்குள்ள யாரு போட்டதுன்னு காட்டுற தப்பு.”

கமா பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். காலையில் அந்த அறையில் தான் ஒருவன்தான் ற-வைப் பார்த்ததாக அவன் நினைத்திருந்தான். மூன்று பேரும் பார்த்திருக்கிறார்கள். செருப்பு எதற்காக வந்தது என்பது இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவனை அடக்குவதற்காக இல்லை. அவளாகச் சொல்கிறாளா என்று பார்ப்பதற்காக.

அவள் குரலை உயர்த்தாமல் பேசினாள். தம்பிக்கு நாலு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அவனை வளர்த்தது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, எழுத்துச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் இவள்தான். அந்த ஓர் எழுத்துக்காக எத்தனை தரம் அவன் தலையில் குட்டியிருக்கிறாள் என்பதற்குக் கணக்கில்லை. இன்ஸ்பெக்டர் பில்லைக் காட்டியதுமே யார் வேலை என்று தெரிந்துவிட்டது. பில் பொய் என்று நிரூபித்துவிட்டால் பழி ஓனர் தலையில் விழும், புருஷன் வெளியே வந்துவிடுவார், தம்பி பேரும் வராது என்று கணக்குப் போட்டாள்.

“ரெண்டு பேரும் வேணும்னு நினைச்சேன்” என்றாள். “தப்பா?”

“அதை அப்புறம் பேசிக்கலாம்” என்றார் தணிக்கையம்மா. “இன்னும் ரெண்டு வீட்ல மாட்டியிருக்கான். எங்கேன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும்.”

பாத்திரம் அவள் மடியிலிருந்து நழுவிப் படியில் உருண்டது. அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை. இது அவளுக்குத் தெரியாது என்பதை அவள் முகத்தைப் பார்த்த யாரும் சத்தியம் செய்து சொல்லியிருப்பார்கள். போனை எடுத்தாள். மறுமுனையில் மச்சான் ஏதோ நீளமாகச் சொல்ல ஆரம்பித்தது கமாவுக்கே கேட்டது.

“ஏன் பண்ணினேன்னு நான் கேக்கல” என்றாள் அவள். “எந்தெந்த வீடுன்னு கேக்குறேன். சொல்லிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கிட்டு அங்கேயே வா. நானும் வர்றேன்.”

தணிக்கையம்மா ஸ்டேஷனிலேயே இருந்துகொண்டார், கமாதான் பில்லக்காவோடு போனான். முதல் வீடு பூட்டிக் கிடந்தது. சிலிண்டர் வெளியே சந்தில் இருந்ததால் மச்சான் வால்வை மூடி ரெகுலேட்டரையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இரண்டாவது வீடு மூன்றாம் மாடி. படியேறும்போதே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்த பெண்ணிடம், உள்ளே குளிப்பது யார் என்று கேட்டான் கமா. முன்பின் தெரியாதவன் வீட்டு வாசலில் நின்று கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது. அவள் கதவைச் சாத்தப் போனாள். பில்லக்கா அவனை ஒதுக்கிவிட்டு, இரண்டே வரியில் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் திரும்பி ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

பதில் வரவில்லை. மறுபடியும் தட்டினாள். மச்சான் அதற்குள் சமையலறைக்குள் நுழைந்து சிலிண்டரை மூடிவிட்டு வந்து தோளைக் கொடுத்தான். இரண்டாவது இடிக்குத் தாழ்ப்பாள் பெயர்ந்தது. உள்ளே துண்டைக் கட்டியபடி, சுவரில் சாய்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார் அவள் கணவர். காதோரத்தில் சோப்பு நுரை. தலை கிர்ரென்று சுற்றுகிறது, கொஞ்சம் உட்காரலாம் என்று பார்த்தேன் என்றார் குழறலாக. கமாவும் மச்சானும் அவரைத் தூக்கிவந்து பால்கனியில் உட்காரவைத்தார்கள். கால் மணி நேரத்தில் முகத்துக்கு நிறம் திரும்பியது. முதல் வேலையாக, தன் வீட்டுத் தாழ்ப்பாளை உடைத்தது யார் என்று விசாரித்தார். மச்சான் வாயைத் திறப்பதற்குள் கமா மரியாதையாகத் தன்னைக் காட்டிக்கொண்டான்.

அவரை டாக்டரிடம் அனுப்பிவைத்த பிறகு, மச்சான் ஹீட்டரை நாலு ஸ்க்ரூவும் கழற்றிச் சுவரிலிருந்து இறக்கினான். கழற்றிய ஸ்க்ரூ ஒன்றும் தவறி விழவில்லை. வேலை தெரிந்தவன்தான். அது கமாவுக்கு என்னவோ செய்தது.

ஸ்டேஷனுக்கு அவனை யாரும் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கவில்லை. ஹீட்டரைத் தோளில் வைத்துக்கொண்டு அவனே முன்னால் நடந்தான். இன்ஸ்பெக்டர் மேசையில் அதை இறக்கிவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். பழைய ஃபைலில் தேதி பார்த்து 214 என்ற எண்ணை எடுத்தது, போனில் எழுத்தடித்து, கடையிலிருந்து எடுத்த தாளில் நகல் கடையில் அச்செடுத்தது, அக்கா மேசையிலிருந்து ஸ்டாம்ப் எடுத்துக் குத்தியது. அத்தானைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், அவர்மேல் தப்பில்லை என்று தெரிந்துவிடும் என்று நினைத்தானாம். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. கண்ணாடிக் கடைக்காரருக்கும் ஆள் போயிற்று. இன்ஸ்பெக்டர் தணிக்கையம்மாவிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. டீ வரவழைத்தார்.

பிளம்பர் உள்ளறையிலிருந்து வந்தார். கனத்த உடம்பு, மெதுவான நடை. யாரோ விவரத்தைச் சொன்னார்கள். மச்சானைப் பார்த்தார். திட்டுவார் என்று கமா எதிர்பார்த்தான். அடித்தாலும் ஆச்சரியமில்லை என்று நினைத்தான். பிளம்பர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

“அந்த அம்மா எப்படியிருக்காங்க?”

சாயங்காலம் நாலு மணிக்குக் கண் விழித்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்திருக்கிறது என்றார் இன்ஸ்பெக்டர். தண்ணீர் கேட்டாளாம். ஒரு ரவிக்கை நாளைக்குக் கொடுக்கவேண்டும் என்றாளாம்.

அதுவரைக்கும் நிமிர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்த மச்சான் பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று இன்ஸ்பெக்டர் பிளம்பரிடம் சொன்னார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார். பிளம்பர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார், தம்முடைய கைக்கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டார், பிறகு வாசல் பக்கம் போகாமல் பெஞ்சுக்கு வந்து மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இவனை எப்ப விடுவீங்க?”

“இன்னைக்கு முடியாது. காலைல கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும்.”

“சரி, இருக்கட்டும்” என்றார் பிளம்பர். எழுந்திருக்கவில்லை.

அவர் மனைவி இன்னும் வாசல்படியிலேயே நின்றிருந்தாள். உள்ளே வரலாமா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாதவள் போல நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார். காலையிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அவருக்கு யாரோ சொல்லியிருக்கவேண்டும். அவர் மச்சானைத் தோளால் லேசாகத் தள்ளி, பெஞ்சில் இன்னொருவர் உட்கார இடம் செய்தார்.

அவள் உள்ளே வந்தாள். புருஷன் பக்கத்தில் உட்காராமல், சுற்றிக்கொண்டு போய்த் தம்பியின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.